குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம்
(வட்டார வள மையத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான் மருத்துவர் அல்ல. உங்களைப் போல் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பணியில் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வயதுக்கேற்ற உயரம் இல்லை. பேச்சு மெதுவாக வரும். மதியம் தூங்கிவிடுவான். ‘மந்தம்’ என்று நானே சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு அவனை மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகுதான், பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைவு என்று தெரிந்தது. மாத்திரை தொடங்கியதும் சுறுசுறுப்பு வந்தது, உயரமும் கூடியது. கற்றலில் விழுந்த பள்ளம் மட்டும் முழுதாகத் தூரவில்லை.

காரணம் எளிது. முதல் மூன்று ஆண்டுகளில் மூளை வளர தைராக்சின் வேண்டும். அப்போது இழந்ததைப் பின்னால் ஈடுகட்ட முடியாது.

பிறந்த அன்று குழந்தை நலமாகவே தெரியும். தாயின் தைராக்சின் ஓரளவு நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்திருக்கும். நீடிக்கும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தொப்புள் புடைப்பு எல்லாம் மெல்ல மெல்லத்தான் தெரியவரும். அதுவரை, “சமத்துப் பிள்ளை, அழுவதே இல்லை” என்று வீட்டில் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள்.

எனவே அறிகுறிக்குக் காத்திருக்காமல் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும். 1970களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இது தொடங்கியது. பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் குத்தி, சில சொட்டு இரத்தத்தை வடிதாளில் எடுக்கிறார்கள். பிறந்தவுடன் டி.எஸ்.எச். அளவு இயல்பாகவே ஏறி இறங்கும். அதனால்தான் இரண்டு நாள் பொறுக்கிறார்கள். குறை உறுதியானால் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள். உலக அளவில் 3,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை இருப்பதாகச் சொல்வார்கள். நம் நாட்டில் அதைவிடக் கூடுதல்.

இன்று என் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். பிறந்தபோதே கண்டறியப்பட்டவள். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். வாய்ப்பாடு ஒப்பிப்பதில் அவளை முந்த ஆளில்லை. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை, அந்தக் காலை மாத்திரைக்கு நான்கு மணி நேரமாவது தள்ளி மதிய உணவுக்குப் பிறகு கொடுக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் தைராக்சின் உடலில் சரியாகச் சேராது.

உங்களிடம் இரண்டே வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ குழந்தை பிறந்தால், “குதிகாலில் இரத்தம் எடுத்தார்களா? முடிவு வந்ததா?” என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். வகுப்பில் வளராமல், சோர்ந்து பின்தங்கும் பிள்ளையைக் கண்டால், பெயர் வைக்கும் முன் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.

அந்தப் பையனுக்கு நான் வைத்த பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம்.