மீட்டர் கற்பிக்கும் பாடம்



பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடி வீடுகளில் வளரும் நம் குழந்தைகளுக்கு, மின்சாரம் என்பது சுவருக்குள்ளிருந்து வரும் ஒரு பொருள். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. மீண்டும் தட்டினால் அணைகிறது. அது எங்கிருந்து வருகிறது, எதைத் தின்று வருகிறது என்பதை அவர்கள் கண்டதில்லை. கிணற்றில் நீர் இறைத்தவனுக்கு நீரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவன் தோள்களே சொல்லிவிடும். குழாயைத் திருகிப் பழகியவனுக்கு மட்டுமே அதைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. மின்சாரத்தைப் பொறுத்தவரை நாம் அனைவரும் குழாயைத் திருகிப் பழகியவர்களே.

பள்ளிகளில் இதற்குப் பாடம் இல்லாமலில்லை. சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1991இல் ஆணையிட்டது. ஆண்டுதோறும் டிசம்பர் 14ஆம் நாள் தேசிய எரிசக்திச் சேமிப்பு தினமாகக் கொண்டாடப்படுகிறது; மாணவர்களுக்கு ஓவியப் போட்டிகளும் நடைபெறுகின்றன. நம் குழந்தையும் பச்சை நிறத்தில் பூமியை வரைகிறது. தேர்வில் முழு மதிப்பெண்ணும் பெறுகிறது. வீட்டுக்கு வந்து, மின்விசிறியைச் சுழலவிட்டுவிட்டு விளையாட ஓடிவிடுகிறது. இது குழந்தையின் குற்றமன்று. புத்தகத்தில் படித்ததற்கும் சுவரிலுள்ள சுவிட்சுக்கும் உள்ள உறவை அதற்கு யாரும் காட்டவில்லை.

பெற்றோராகிய நாம் காட்டும் வழி பெரும்பாலும் ஒன்றே: “பில் ஏறுகிறது, அணை!” என்பது. பணத்தைக் கொண்டு இந்தப் பாடத்தைக் கற்பிக்க முடியுமா என்பது ஐயமே. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றி அளிக்கப்பட்டது. டில்லியில் மாதம் 200 யூனிட்டுக்குள் செலவிடும் வீடுகளுக்குக் கட்டணமில்லை என்ற ஏற்பாடு 2019இல் வந்தது. எளிய குடும்பங்களுக்கு இவை பேருதவி என்பதில் மறுப்பில்லை. ஆனால் ‘கட்டணம்தான் இல்லையே, ஏன் அணைக்க வேண்டும்?’ என்று ஒரு குழந்தை கேட்டால் நம் விடை என்ன? வசதி படைத்த வீட்டுக் குழந்தையோ, ‘பணம் கட்டுகிறோமே, பிறகு என்ன?’ என்று கேட்கும். விலையை மட்டும் கற்பித்தவருக்கு இவ்விரு கேள்விகளுக்கும் விடையில்லை. விலையை அன்று, வந்த வழியைக் கற்பிக்க வேண்டும்.

அவ்வழி நெடியது. டில்லியில் பதர்ப்பூர் அனல் மின் நிலையம் 2018இல் மூடப்பட்டது. நகரத்தின் காற்றுக்கு அது நல்லதே. ஆயினும் நம் விளக்குகள் அணைந்துவிடவில்லை. மின்சாரம் வேறு இடங்களிலிருந்து வருகிறது. அவற்றுள் ஒன்று, 700 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சிங்ரௌலி. 1982இல் அங்கு மின் உற்பத்தி தொடங்கியது. அருகிலுள்ள சுரங்கங்களின் நிலக்கரியும், ரிஹந்த் அணையின் நீரும் அதற்கு உணவு. 1962இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் நீர்ப்பரப்பில் பல ஊர்கள் மூழ்கின. கரையேறிக் குடியமர்ந்தவர்களில் பலர், சுரங்கங்களும் மின் நிலையங்களும் வந்தபோது மீண்டும் வீடிழந்தனர். 2020 ஏப்ரலில் அவ்வட்டாரத்தில் ஓர் அனல் நிலையத்தின் சாம்பல் தேக்கம் உடைந்து, உயிர்கள் பலியாயின. நாம் ஊரை விட்டு வந்தோம். நினைத்தால் கோடை விடுமுறையில் திரும்பிப் போகிறோம். அவர்கள் திரும்பிப் போவதற்கு ஊரே இல்லை. இதைப் பத்து வயதுக் குழந்தைக்குச் சொல்லலாம், அது புரிந்துகொள்ளும்.

சொன்னால் மட்டும் போதாது. கணக்கிடவும் பழக்க வேண்டும். ஞாயிறுதோறும் குறித்த நேரத்தில் குழந்தை வீட்டு மீட்டரைப் பார்த்து, எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். சென்ற வார எண்ணை இதிலிருந்து கழிக்கட்டும். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 17 மணி நேரத்தில் ஒரு யூனிட்டைச் செலவிடும். 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு அதே யூனிட் 111 மணி நேரம் வரும். குளிர்காலத்தில் நாம் மறந்துபோகும் 2000 வாட் வெந்நீர்க் கருவியோ அரை மணியில் அதைத் தீர்த்துவிடும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த குழந்தைக்கு இது விளையாட்டு.

அடுத்த கணக்கு எடைக் கணக்கு. நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்களவு நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. அவ்வாறு ஒரு யூனிட் பெற 600 முதல் 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். அதன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்களவே மின்சாரமாகிறது, மற்றது வீணாகிறது. எரிந்த பின் எஞ்சுவதோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஒரு வாரத்தில் 70 யூனிட் செலவாகும் வீட்டிற்கு, அனைத்தும் நிலக்கரியிலிருந்தே வருவதானால், 45 கிலோ நிலக்கரி தேவை. கணக்குப் போடும் குழந்தையின் எடையைவிட அது அதிகம். தன்னைவிடக் கனமான ஒன்று வாரந்தோறும் தன் வீட்டிற்காக எரிகிறது என்று அறிந்த குழந்தை, சுவிட்சைப் பழைய கண்ணால் பார்க்காது.

வேறு வழிகளும் உண்டென்பதை அது அறிய வேண்டும். நாகர்கோவிலுக்கு ரயிலில் போகையில், ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளைக் காட்டுவோம். கரியும் சாம்பலுமின்றி அங்கே மின்சாரம் பிறக்கிறது.

ஒன்றை மறக்கலாகாது. படிக்கும் குழந்தைக்கு விளக்கை மறுப்பதும், டில்லியின் மே மாத வெயிலில் முதியவர் அறையின் விசிறியை நிறுத்துவதும் சிக்கனமாகா. ஆளில்லாத அறையில் எரிவதே வீண். குளிரூட்டியை முற்றும் நிறுத்த வேண்டியதில்லை. 18 டிகிரியில் வைத்துவிட்டுப் போர்வையைத் தேடாமல், 24 டிகிரியில் வைத்தாலே செலவு வெகுவாகக் குறையும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் குழந்தைகளைப் பார்த்துச் சொல்கிறோம். இந்தப் பாடத்தில் முதலில் வளைய வேண்டியவர்கள் ஐம்பதில் இருக்கும் நாமே. நோட்டுப் புத்தகத்துடன் நிற்கும் குழந்தை, “அப்பா, கூடத்து விளக்கு ஏன் எரிகிறது?” என்று கேட்டால் சினம் கொள்ளாமல் எழுந்து செல்வோமாக. எண்ணெயை அளந்து வார்த்த நம் பாட்டிமார், ‘விளக்கை அணை’ என்று சொல்லவும் கூசி, ‘அமர்த்து’ என்றே சொன்னார்கள். விளக்கிடம் அவர்களுக்கு இருந்த அந்த மரியாதையை நம் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டால், மற்றவற்றை அவர்களே கணக்கிட்டுக்கொள்வார்கள்.