இரவு வேலையும் நாய்க்குட்டியும்



தொல்காப்பியத்தின் மரபியலிலே விலங்குகளின் இளமைப் பெயர்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஆனின் இளமைக்கும் யானையின் இளமைக்கும் கன்று என்னும் பெயர் உண்டு. நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்குக்கும் குருளை என்ற ஒரே பெயர் சொல்லப்படுகின்றது. நாயின் குட்டியும் புலியின் குட்டியும் ஒரு பெயரால் வழங்கின என்பது ஏட்டளவில் இனிய செய்தி. ஆனால் இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே நாய்க்குட்டி உறங்கும் வாசற்படிக்கும் சிறுத்தை நடமாடும் காட்டுக்கும் இடையே சில நூறு அடித் தூரமே இருக்கும் இடங்கள் பல. அத்தகைய இடத்திலே, தனியாக வாழ்ந்துகொண்டு, இரவும் பகலும் மாறிமாறி வேலைக்குப் போகும் ஒருவர் நாய்க்குட்டி ஒன்றை வளர்க்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது சிறிய விஷயம் என்று சிலர் கருதலாம். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியாப் பகுதி லயங்களைப் பார்த்தவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள். முன்பு ஒரு காம்பராவுக்குள்ளே மூன்று தலைமுறைகள் நெருங்கி வாழ்ந்தன. இன்று மகன் கொழும்பிலே கடை வேலைக்குப் போய்விடுகிறான். மகளோ மனைவியோ மேற்காசிய நாட்டிலே வீட்டுப் பணிக்குச் சென்றுவிடுகிறார். பெயர் பதிந்த வேலையை விட மனமின்றித் தோட்டத்திலே ஒருவர் மட்டும் எஞ்சி நிற்கிறார். வேலை முடிந்து வீடு திரும்பும்போது வாசலிலே எதிர்கொள்ள ஓர் உயிர் வேண்டுமென்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. நாய்க்குட்டி அவருக்குக் காவல் மாத்திரமன்று, பேச்சுத் துணையுமாகும்.

அவர் தேயிலைத் தொழிற்சாலையிலே, தோட்டத்து வழக்கிற் சொன்னால் ஸ்டோரிலே, வேலை செய்பவராயின் சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது. பகலிற் பறித்த கொழுந்து மாலையளவில் ஸ்டோருக்கு வந்து சேரும். நீண்ட தொட்டிகளிலே அதனைப் பரப்பி, கீழிருந்து காற்றைச் செலுத்திப் பல மணி நேரம் வாட்டுவார்கள். மழைக்காலத்திலே ஈரக் கொழுந்து வாடுவதற்கு இன்னும் கூடுதலான நேரம் பிடிக்கும். எனவே இலையை உருட்டும் பொறிகள் பெரும்பாலும் நள்ளிரவு கடந்தோ, விடிவதற்கு முன்னரோ ஓடத் தொடங்குகின்றன. உருட்டிய இலை நிறம் மாறிப் பதமாவதற்குச் சில மணி நேரமே செல்லும். அந்தப் பதம் தப்பிவிடாமல் சூட்டிலே உலர்த்தியாக வேண்டும். உலகெங்கும் விரும்பிக் குடிக்கும் தேநீரின் மணம் மலைநாட்டு மக்கள் சிலரின் உறக்கத்தை விலையாகக் கொண்டே பிறக்கின்றது.

கொழுந்து காத்திராது. நாய்க்குட்டியும் காத்திராது. இரண்டு மாதக் குட்டி ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கமாட்டாது. மாதம் ஒன்று ஏற, அதன் பொறுமையும் ஒரு மணி நேரம் ஏறும் என்பது வளர்ப்பவர்கள் கையாளும் தோராயக் கணக்கு. எட்டு மணி நேர வேலைக்கும் மூன்று மணி நேரப் பொறுமைக்கும் நடுவே ஐந்து மணி நேரம் எஞ்சுகின்றது. நாய் வளர்ப்பிலே தனியாள் படும் தொல்லைகள் பெரும்பாலும் இந்த ஐந்து மணி நேரத்துக்குள்ளேதான் நிகழ்கின்றன. குட்டி அறையை நனைக்கிறது. கம்பளியைக் கடித்துக் கிழிக்கிறது. ஓயாமல் ஊளையிட்டு, விடியற்காலையிலே பெரட்டுக்குப் போக வேண்டிய அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. திரும்பி வருபவர் களைப்பிலே குட்டியை அடிக்கிறார். எப்போதோ செய்ததற்கு இப்போது அடி விழுகிறதென்று குட்டிக்கு விளங்குவதில்லை. வீட்டுக்காரர் வந்தால் அடி விழும் என்ற பாடம் ஒன்றையே அது கற்றுக்கொள்கிறது.

இதற்கு முதல் மாற்று, குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளைத் தேர்ந்தெடுப்பது. எட்டு வாரத்துக்கு முன் அதனைத் தாயிடமிருந்து பிரித்தல் கூடாது. கடிக்கும் அளவை உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் அது பழகுகின்றது. தைப்பொங்கலோ தீபாவளியோ வந்து இரண்டொரு நாள் விடுமுறை சேர்ந்து கிடைக்கும்போது கொண்டுவந்தால், தனிமையைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். முதலில் ஐந்து நிமிடம் வெளியே போய் வர வேண்டும். பின்னர்ப் பத்து நிமிடம். அதன்பின் அரை மணி நேரம். போகும்போது கொஞ்சி விடைபெறுவதும், வந்தவுடன் ஆரவாரம் செய்வதும் ஆகா. போனவர் திரும்பி வருவார் என்னும் நம்பிக்கை குட்டியின் உள்ளத்திலே சத்தமின்றி வளர வேண்டும். மெல்லிய ஒலியிலே வானொலியை வைத்துவிட்டுப் போவோரும் உண்டு. மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் சில குட்டிகள் அமைதியாகக் கிடக்கும். அவ்வகையிலே வானொலிக்கும் ஒரு நேயர் கூடுவார்!

இரண்டாவது மாற்றே எல்லாவற்றிலும் முக்கியமானது. அந்த ஐந்து மணி நேரத்தை இன்னொருவர் கையிலே ஒப்படைக்க வேண்டும். தன் குட்டியைப் பிறர் பார்த்துக்கொள்வதா என்று சிலர் தயங்குவர். தோட்டத்திலே இத்தயக்கத்துக்கு இடமில்லை. கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்திலே விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரைக் கண்டு, இவர்களுக்குப் பிள்ளைப்பாசம் இல்லை என்று எவரும் சொன்னதுண்டோ? வேலையும் வளர்ப்பும் ஒருங்கே நடக்க வேண்டுமாயின், நடுவிலே நம்பிக்கையான ஒரு கை தேவை என்பது தோட்டத்து மக்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை. லயத்தின் அடுத்த காம்பராவிலே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர் இருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுவன் ஒருவன் இருப்பான். இரவிலே படுக்கைக்குப் போகுமுன் ஒரு தடவை, விடியலில் எழுந்தவுடன் ஒரு தடவை, குட்டியை வெளியே கொண்டுசென்று திரும்ப அடைத்தாற் போதும். அந்த உதவிக்கு ஈடாகப் பாட்டிக்கு ஒரு சுமை விறகு கொண்டுவந்து கொடுக்கலாம். கொடுக்கல் வாங்கலாக நிகழும் உதவியே நீடித்து நிற்கும்.

இதிலே குட்டிக்கும் ஒரு நன்மை உண்டு. 1961ஆம் ஆண்டில் ஃபிரீட்மன், கிங், எலியட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். வேலியிட்ட வெளியிலே நாய்க்குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வயதிலே மனிதரோடு பழகவிட்டுப் பார்த்தார்கள். பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகாமலே வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சி விலகின. அவற்றைப் பழக்குவது மிகக் கடினமாயிற்று. இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் நாயின் குணம் உருவாகும் பருவம். அப்பருவத்திலே பாட்டியையும் சிறுவனையும் கம்பளி போர்த்தவரையும் குடை பிடித்தவரையும் கண்டு பழகிய குட்டி, வளர்ந்தபின் எல்லாரையும் கண்டு வெருண்டு கடிக்க ஓடாது.

மூன்றாவது, இரவிலே குட்டியை ஒருபோதும் வெளியே கட்டிவிட்டுப் போகலாகாது. காவலுக்கென்று வாசலிலே சங்கிலியிட்டுச் செல்வது பழைய வழக்கம். மலைநாட்டுச் சிறுத்தை காட்டிலுள்ள மானையும் பிற விலங்குகளையும் பெரிதும் இரையாகக் கொள்வது. எனினும் தேயிலைக்கு நடுவேயுள்ள காட்டுத் துண்டுகளிலே பதுங்கி, இருளிலே லயத்தருகே வருவதும் உண்டு. அவிழ்த்துவிட்ட நாய் ஓடித் தப்பலாம். கட்டிய குட்டிக்கு அதுவும் இயலாது. உறுமலைக் கேட்டு எழுந்து வர வீட்டுக்காரரும் இல்லை; அவர் ஸ்டோரிலே உருட்டும் பொறியின் அருகிலே நிற்கிறார். காலையிலே அறுந்த சங்கிலி மாத்திரம் கிடக்கும்.

அந்த இழப்பு அத்தோடு முடிவதில்லை. நாயைப் பறிகொடுத்தவரின் துயரம் சினமாக மாறுகின்றது. சினம் மாறாத இடத்திலே சிறுத்தை எப்படி இறந்தாலும் நல்லதென்ற எண்ணம் வேரூன்றுகிறது. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலே, மஸ்கெலியாவுக்கு அப்பால் நல்லதண்ணியை அடுத்த லக்சபானத் தோட்டத்திலே, மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியிலே சிக்கியது. உயிரோடு மீட்கப்பட்டும் சில நாட்களில் அது இறந்துபோயிற்று. கண்ணிகள் பொதுவாகப் பன்றி முதலிய விலங்குகளுக்கென வைக்கப்படுவன. சிறுத்தையும் அவற்றிலே மாட்டிக்கொள்கிறது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சிறுத்தையைக் காக்கின்றது. சட்டம் காப்பதற்குத் துணையாக ஒவ்வொருவரும் செய்யத்தக்க எளிய காரியம், குட்டியைக் கதவுக்கு உள்ளே படுக்க வைப்பதுதான். காம்பராவின் மூலையிலே ஒரு மரப்பெட்டி, அதற்குள் உலர்ந்த சாக்கு, இவை போதும். நுவரெலியாவிலே தை, மாசிப் பனிக்கும் அதுவே பாதுகாப்பு.

நான்காவது, நேரம் மாறினாலும் வரிசை மாறலாகாது. இந்த வாரம் இரவு வேலை, அடுத்த வாரம் பகல் வேலை என்று மாறும்போது மனிதரே தடுமாறுகிறார். குட்டிக்கு மணிக்கூடு தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாக வருவது மட்டும் தெரியும். வேலை முடிந்து எந்த நேரத்தில் வந்தாலும், முதலிலே வெளியே கூட்டிச் செல்லல், பின் உணவு, பின் சிறிது விளையாட்டு, அதன்பின் இருவரும் உறக்கம் என்னும் ஒழுங்கு மாறாதிருந்தால் அது விரைவிலே இணங்கிவிடும். இளங்குட்டி நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிப்பது. ஆகையால் இரவு வேலை முடிந்து வந்து பகலிலே உறங்குபவருக்கு அதுவும் துணையாக உறங்கும்.

உணவு விஷயத்திலே ஆடம்பரம் வேண்டியதில்லை. சோற்றோடு வேகவைத்த முட்டையோ மீனோ இறைச்சியோ கலந்து, இரண்டு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு வேளை, சிறு சிறு அளவிலே கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குமேல் இரு வேளை போதும். வெங்காயம் சேர்ந்த குழம்பு நாய்க்கு ஆகாது. சமைத்த கோழி எலும்பு பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். புல்லுக்கு மருந்தடித்த தேயிலை மலையிலும், அந்த நீர் ஓடும் கான்களிலும் குட்டியை அலையவிடக் கூடாது.

இனி, எவரும் தள்ளிப்போடக் கூடாத ஒன்று உண்டு. அது விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி. 1885ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்நோய்க்கு எதிரான ஊசியைப் போட்டுக் காப்பாற்றினார். இலங்கையிலோ 1973ஆம் ஆண்டில் மாத்திரம் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் பணி பரவியதனாலே அத்தொகை பின்னர் மிகவும் குறைந்தது. குறைந்ததேயன்றி ஒழியவில்லை. நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்றுதல் ஏறத்தாழ இயலாது. குட்டி சிறிதாயிற்றே, பின்னர்ப் பார்ப்போம் என்று இருத்தல் தவறு. மூன்று மாதம் நிறையாத குட்டிகளுக்கும் ஊசி போட வேண்டுமென்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. இரவு வேலைக்காரர் பகலிலே உறங்கும் நேரத்தில் ஊசி போடுவோர் தோட்டத்துக்கு வந்து போய்விடக்கூடும். ஆதலால் வரும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, தம்மால் இயலாவிடின் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும். லயத்திலே ஒரு நாயின் நோய் ஒரு வீட்டோடு நில்லாது. எவரையேனும் நாய் கடித்துவிட்டால், குட்டி கடித்ததாயினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெண் குட்டி வேண்டாமென்று சாக்கிலே கட்டித் தேயிலைக்குள்ளே எறிந்துவிடும் கொடுமையும் நிகழ்கின்றது. மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று கருத்தடைச் சிகிச்சை செய்துவிட்டால் பெண் நாயால் வரும் தொல்லை நீங்கிவிடும். அது வீட்டைக் காப்பதிலே ஆண் நாய்க்குச் சிறிதும் குறைந்ததன்று.

இவ்வளவையும் கேட்டபின், தம்மால் ஆகாது என்று ஒருவர் முடிவு செய்தால், அம்முடிவையும் மதிக்க வேண்டும். உதவும் கை அருகிலே இல்லாதவர், வாரந்தோறும் வேலை நேரம் மாறுபவர், ஆறு மாதம் கடந்த, அடங்கிப் பழகிய நாயொன்றை எடுத்து வளர்க்கலாம். அல்லது நாளை வரை பொறுக்கலாம்.

சுவர்க்கத்தின் வாயிலிலே தன்னோடு வந்த நாயைக் கைவிட மறுத்தான் தருமபுத்திரன் என்று மகாபாரதம் கூறுகின்றது. அத்தகைய பெரிய சோதனை எல்லாருக்கும் வருவதில்லை. ஸ்டோரிலே சங்கு ஊதும் முன், குட்டியை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும் சிறிய சோதனை நாள்தோறும் வருவது. அந்த ஐந்து மணி நேரத்துக்கு வழி கண்டபின் குட்டியைக் கையிலே தூக்குவதே முறையாகும்.