மாதம் பத்து வெள்ளி: துன் சம்பந்தனின் தோட்டக் கணக்கு



நம் ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவர், அமைச்சரும்கூட. பதவிகளை விடுங்கள், தோட்டத்துக்கு வருவோம்.

ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடல் என்றால் என்னவென்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். வேலை போகும், கூடவே லயத்து வீடும் போகும். வீடு தோட்டத்துடையது அல்லவா!

1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஒரு பங்கு நூறு வெள்ளி. பால் வெட்டுபவர் கையில் அவ்வளவு பணம் ஏது? மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் பேசினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் பாட்டாளிகளின் பணத்தில் வாங்கப்பட்டது.

அவர் விட்டுக்கொடுத்தே போனவர் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடியில், குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அதை அவரால் தடுக்க முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பங்குப் பத்திரம் கிடக்கிறதா, பாருங்கள். இருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றுவது பற்றிச் சங்கத்தில் விசாரியுங்கள்.