அந்தப் பெரியவர் சொன்னது பொய்யா?

எதிரணியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! ஷிப்டை முடிச்சுட்டு, தலையில ஒட்டின பஞ்சைத் தட்டக்கூட நேரமில்லாம ஓடி வந்திருக்கிற அருள்புரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

‘எந்திரன்’ படத்தின் இரண்டாம் பாகமான ‘2.0’வில் விஞ்சி நிற்பது நிறையா, குறையா என்பது தலைப்பு. குறையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா, “3டியிலேயே எடுத்த படம், 500 கோடிக்கு மேல் செலவு” என்றார்கள். ஒத்துக்கிறேன். 2018 நவம்பர் 29ஆம் தேதி படம் வந்தது. கண்ணாடி மாட்டிக்கிட்டு நானும் பார்த்தேன். ஊரிலுள்ள செல்போனெல்லாம் பிய்ச்சுக்கிட்டுப் பறந்து போய், ஒரே ராட்சசப் பறவையாத் திரண்டு நிக்குதே! பக்கத்து சீட்டுக்காரர் சட்டைப் பையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டார் ஐயா. (சிரிப்பு)

ஆனா நம்ம ஊர் செக்கிங் டேபிள்ல கலரை மட்டும் பார்த்தா பீஸை பாஸ் பண்ணுவாங்க? திருப்பிப் போட்டுத் தையலைப் பார்க்க மாட்டாங்களா?

2010இல் வந்த முதல் பாகத்தில், தீப்பிடிச்ச வீட்டில் குளிச்சுக்கிட்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கிட்டு வரும். உயிரைக் காப்பாத்திட்டோம்னு அதுக்குப் பெருமை. அந்தப் பொண்ணு வெட்கம் தாங்காம ஓடி, வண்டியில் அடிபட்டுச் செத்துப்போகும். மானம்னா என்னன்னு இயந்திரத்துக்குத் தெரியலை. அங்கேதானுங்க கதை இருந்தது! கடைசியில் தன் கை காலைத் தானே கழற்றி வைக்குமே, அழாதவங்க யாரு? இரண்டாம் பாகத்துச் சிட்டி வெறும் சண்டைக்காரன். கூப்பிட்டாங்க, வந்தான், அடிச்சான். முதல் பாகத்துச் சனா, இதில் போனில் வரும் குரலோடு சரி.

இதையும் மன்னிச்சிடலாம். பெரிய குறை பட்சிராஜன் விஷயத்தில். அக்ஷய்குமார் நடித்த அந்தப் பெரியவர் கெட்டவரா ஐயா? குருவி சாகுதுன்னு ஒவ்வொரு வாசலா ஏறி இறங்குறார். எவனும் கேட்கலை. செல்போன் கோபுரத்திலேயே தூக்கு மாட்டிக்கிறார். அந்த முன்கதைதான் படத்துக்கு உயிர், அதை நான் மறைக்கலை. அதற்கப்புறம் அவரைப் பேயாக்கி, பூதமாக்கி, கடைசியில் புறா மேலே ஏறி வந்த குட்டி ரோபோக்கள் பறவையையே பணயம் வைத்து மடக்குதுங்க. பறவைக்காக அழுதவரைப் பறவையைக் காட்டி வீழ்த்தறதா வீரம்? (கைதட்டல்)

அலைபேசிக் கதிர்வீச்சால்தான் குருவி அழிஞ்சதுன்னு உறுதியாக நிரூபணம் ஆகலை. ஓட்டு வீடு போனது, பூச்சிமருந்து வந்தது என்று வேறு காரணமும் சொல்றாங்க. செல்போன் நிறுவனங்களின் சங்கம் படத்தை எதிர்த்துப் புகாரே கொடுத்தது. அதைப் படம் விவாதிக்கலாமே! அடிதடியிலேயே நேரத்தைக் கழிச்சுட்டு, முடிவில் அமைச்சரிடம் ரெண்டு வார்த்தை, அவர் சொன்னதிலும் நியாயம் இருக்குன்னு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? நொய்யல் கரைக்காரன் நான். சாயத்தண்ணி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயி கத்தினப்போ, நம்மள்ல பல பேர் என்ன சொன்னோம்? “பொழப்பைக் கெடுக்க வந்துட்டாங்க.” நானும் சொன்னேன் ஐயா. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடினப்போ, துணி வராம என் கட்டிங் டேபிள் காலியாக் கிடந்தது. வீட்டில் அடுப்பெரியலை. அன்னிக்கு அந்த விவசாயிதான் எனக்கு வில்லன். இன்னிக்கு இதே அருள்புரத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சாயத்தண்ணியைச் சுத்தம் பண்ணி மறுபடி பட்டறைக்கே அனுப்பறாங்க. அவரும் தோற்கலை, நானும் சாகலை. அப்படியொரு வழியைத் தேட அந்த விஞ்ஞானி வசீகரனுக்கு ஏன் தோணலை?

படம் முடிஞ்சு வண்டியில் வரும்போது என் பொண்ணு கேட்டா: “அப்பா, அந்தத் தாத்தா சொன்னது பொய்யா?” “இல்ல கண்ணு.” “அப்புறம் ஏம்ப்பா எல்லாரும் கைதட்டுனாங்க?”

பல்லடம் ரோடு முழுக்க யோசிச்சேன், பதில் வரலீங்க. எதிரணியினர் யாராவது சொல்லட்டும், உட்கார்ந்துக்கிறேன்.

(பலத்த கைதட்டல்)