மரச் சிறகு

வன்னிக் காட்டுப் பாலை மரத்தை நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும். தூணாக நின்று கூரையைத் தாங்குவதே அதன் பெருமை. மரமென்றால் பாரம் என்றே பழகிய வன்னி மக்களுக்கு, மரச் சிறகு கொண்டு கடல் கடந்த விமானத்தின் கதை வியப்பளிப்பதாகும்.

1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியர் டிண்டேல் பிஸ்கோ, 'புஸ் மொத்' என்னும் சிறு சுற்றுலா விமானத்தை இரத்மலானையில் இறக்கினார். அந்நிலையத்தில் இறங்கிய முதல் விமானம் அதுவே. மூவர் அமரக்கூடிய அதன் உடற்கூடு உருக்குக் குழாயால் ஆயது. சிறகோ, பாலையின் பாதிப் பாரமும் இல்லாத ஊசியிலை மரத்தாற் சட்டமிட்டு, துணி போர்த்தியது. துணிமேல் தடவிய பூச்சு உலர்ந்ததும் அது பறைத்தோல்போல் விறைத்து நிற்கும்.

இயந்திரமும் ஒன்றே. அது நின்றாலோ, சட்டத்தின் ஒட்டு நெகிழ்ந்தாலோ, கீழே கடல்தான். வானோடியின் உயிர் தச்சனின் நேர்மையை நம்பியிருந்தது.

அந்நம்பிக்கை வீண்போகவில்லை. 1938இல் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானங்கள் கொழும்புக்கு வரலாயின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வவுனியாவிலும் விமானத்தளம் அமைந்தது.

தூணுக்குப் பாலை, சிறகுக்கு ஊசியிலை மரம். எதற்கு எது தகும் எனத் தேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பொருத்தையும் செம்மையாகச் செய்வதே தொழிலறிவு. வன்னித் தச்சனும் அதனை நன்கறிவான்.