வக்கீலின் கவலையை யார் கேட்பது?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது வணிகவியல், சட்டம் அல்ல. ஆனாலும் இன்று வக்கீல்களின் மனநலம் பற்றிப் பேசுகிறேன். காரணம், அவர்களைப் பெற்றவர்களும் கட்டிக்கொண்டவர்களும் இங்கே நம்மிடையே இருக்கிறீர்கள்.

வங்கியில் சாயங்காலம் கேஷ் டேலி ஆகிவிட்டால் அன்றைய பாரம் இறங்கிவிடும். வக்கீல் தொழிலில் அந்த டேலி கிடையாது. மறுநாள் வழக்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு, ராத்திரியில்தான் கட்டைப் பிரித்துப் படிக்க உட்காருவார்கள். சிவில் வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 90 நாள் கெடு. அதைத் தவறவிட்டால் கட்சிக்காரரின் வீடே போகலாம். தாமதத்தை மன்னிக்கும்படி மனு போடலாம்; ஏற்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் கையில். எதிர்த்தரப்பு வக்கீலோ இவருடைய தவற்றைக் கண்டுபிடிக்கவே ஃபீஸ் வாங்குகிறார். போதாக்குறைக்கு 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. கொலைக்கு 302 என்று மனப்பாடமாக இருந்த பிரிவு இப்போது 103.

வருமானமும் நாம் நினைப்பது போல இல்லை. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 12,800 வக்கீல்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். 28 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஐந்தில் ஒருவருக்குக் குடிப்பழக்கம் பிரச்சினையாகியிருந்தது. உதவி கேட்கத் தயங்கியதற்கு அவர்கள் சொன்ன முக்கியக் காரணம், விஷயம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். ஊர் வேறானாலும் இந்த பயம் நமக்கும் தெரிந்ததுதான். கவலையில் இருக்கிற வக்கீலிடம் யார் வழக்கைக் கொடுப்பார்கள் என்றுதான் அவர் வாயை மூடிக்கொள்கிறார்.

இதற்கு உதவி மூன்று வகை. கணக்கில் தலைப்பு மாற்றி எழுதினால் குழப்பம் வருவது போல, இதையும் மாற்றிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, கோச்சிங். எந்த வழக்கை ஏற்பது, எதை மறுப்பது, ஃபீஸை எப்படிக் கேட்பது, ராத்திரி எத்தனை மணிக்கு மேல் போன் எடுப்பதில்லை என்பதையெல்லாம் ஒருவரோடு பேசிப் பேசி ஒழுங்கு செய்துகொள்வது. அனுபவமுள்ள சீனியர் ஒருவரேகூட இதைச் செய்யலாம்.

இரண்டு, மனநல ஆலோசனை. பயம், கோபம், குற்ற உணர்ச்சி இவற்றை மனம் விட்டுப் பேசுவது.

மூன்று, மனநல மருத்துவர். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் கோச்சிங் போதாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "கேஸ் ஜெயித்ததா?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். தீர்ப்பு அவர் கையில் இல்லை. "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். "உன்னோடு படித்தவன் கார் வாங்கிவிட்டான்" என்ற ஒப்பீடும் வேண்டாம். அவர் பேச வரும்போது உடனே யோசனை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்டாலே பாதி பாரம் குறையும்.

அக்கம்பக்கத்தாரான நமக்கும் ஒன்று. லிஃப்டில் பிடித்து வாடகை ஒப்பந்தம், பாகப்பிரிவினை என்று ஓசியில் யோசனை கேட்கும் பழக்கத்தை விடுவோம். நேரம் கேட்டு, ஃபீஸ் கொடுத்துக் கேட்போம். டாக்டரையும் ஆடிட்டரையும் அப்படித்தானே பார்க்கிறோம்?

ஊர்க் கவலையையெல்லாம் தலையில் சுமக்கிறவர்கள் அவர்கள். அவர்களுடைய கவலையை இறக்கி வைக்க நம் வீட்டுத் திண்ணையாவது இருக்கட்டும்.