எரிகோ வழியும் அட்டன் வழியும்

அட்டனிலிருந்து நுவரெலியா வரை மலைச்சரிவெங்கும் தேயிலை. அதனிடையே நிற்கும் லயங்களோ வழிப்போக்கர் பலரின் கண்ணிற் படுவதில்லை. விடியலிலே பெரட்டு, பின் கொழுந்துக் கூடை, அந்தியிலே குடும்பமெல்லாம் ஒடுங்கும் ஓர் அறை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. சந்தையிலே மாடு பிரிப்பவனும் மாட்டின் முகத்தையாவது பார்ப்பான்!

இம்மக்களின் முகத்தை நோக்கியவருள் ஒருவர், இயேசு சபைத் துறவியாகிய போல் கஸ்பர்ஸ் அடிகளார் (1925–2017). எரிகோ வழியிலே அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு குருவும் லேவியனும் விலகிப் போயினர், சமாரியனே நின்றான். காயத்துக்கு எண்ணெய் வார்த்ததோடு அமையாது, சத்திரக்காரனிடம் பணங் கொடுத்துப் பின்வருஞ் செலவுக்கும் பொறுப்பேற்றான். கதையின் இப்பிற்பகுதியைப் பலர் மறந்துவிடுவர். அடிகளார் மறக்கவில்லை. 1972இல் கண்டியிலே அவர் நிறுவிய 'சத்தியோதய' இல்லத்திலே சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வாழ்ந்து, தோட்டத் தொழிலாளருக்காக உழைத்தனர். பசித்தவனுக்குச் சோறிட்டால் மட்டும் போதாது, அவன் பசித்ததேன் என்றும் வினவ வேண்டும் என்பதே அவர் வாழ்ந்து காட்டிய நெறி. 1979இல் தோன்றிய, இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்திலும் அவர் முன்னின்றார். சொந்த இனத்தாருக்கு மட்டும் இரங்குவது எளிது. அவர் இரக்கம் அவ்வெல்லையைக் கடந்தது.

எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003இலே வந்தது. அப்போது அடிகளார் எழுபதைக் கடந்திருந்தார். லயத்து அறைகளுட் பல இன்றும் அப்படியே நிற்கின்றன.